நிழல் இல்லாத நண்பகலும் நுரை மிதந்த ஆறும்

"அக்கா, சூரியன் நிஜமாவே நம்ம தலைக்கு மேலே வருமா?"

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இப்படிக் கேட்டபோது, "தினமும் பன்னிரண்டு மணிக்கு வருமே!" என்று நாங்கள் சட்டென்று பதில் சொல்லிவிட்டோம். சொன்ன பதில் இரண்டு வகையில் தவறு. தினமும் வருவதில்லை; வரும் நாளிலும் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட எங்களுக்கே இது தெரியாதிருந்தது என்பதை ஒப்புக்கொண்டுதான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

இவ்வாண்டு ஜூன் மாதம், வாரம் ஒரு பாடவேளை நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு வானத்தின் ஒழுங்கையும் பூமியின் அமைப்பையும் பற்றிச் சொல்லித் தரும் பொறுப்பை அறிவியல் சிஸ்டர் எங்களிடம் ஒப்படைத்தார். "புத்தகத்தை வாசித்துக் காட்டாதீர்கள். கையில் கிடைப்பதை வைத்துச் செய்து காட்டுங்கள்" என்பது ஒன்றே அவர் இட்ட கட்டளை. எங்களில் ஆறு பேர் பெயர் கொடுத்தோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஜூன் மாதம் கையில் கிடைப்பது என்ன? மாம்பழந்தான்! ஸ்வெட்டர் பின்னும் ஊசியில் ஒரு மாம்பழத்தைச் செருகி, அதுவே பூமி என்றோம். ஓசூர் இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசி. சன்னல்களைச் சாத்திவிட்டு டார்ச் விளக்கை ஏற்றினோம். அதுதான் சூரியன். மாம்பழத்தைச் சுற்றச் சுற்ற, குண்டூசி வெளிச்சத்துக்கு வந்தது, இருட்டுக்குள் போயிற்று. பகலும் இரவும் புரிந்துவிட்டன என்று நாங்கள் மகிழ்ந்திருக்க, முதல் வரிசையிலிருந்து ஒரு குரல்: "பூமிக்கு மூக்கு இருக்கா அக்கா?" நாங்கள் கொண்டு போனது கிளிமூக்கு மாம்பழம்! மறுவாரமே பூமி சாத்துக்குடியாகிவிட்டது.

அந்தச் சாத்துக்குடியைக் கொண்டே இன்னொரு பிழையையும் திருத்தினோம். வெயில் காலத்தில் பூமி சூரியனுக்குக் கிட்டே போகிறது, குளிர் காலத்தில் தள்ளிப் போகிறது என்று குழந்தைகளில் பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். உண்மை நேர்மாறு. ஜனவரி மாதத் தொடக்கத்தில், ஓசூரில் நாம் கம்பளிச் சட்டையோடு பள்ளிக்கு வரும் நாட்களில்தான், பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை மாதத் தொடக்கத்தில் அது சுமார் 15.2 கோடி. பருவங்களுக்குக் காரணம் தூரம் அன்று. பூமி 23½ பாகை சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றி வருவதுதான் காரணம். ஊசியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தால், ஒரு பக்கம் மேற்பாதிக்கு வெளிச்சம் மிகுதி. எதிர்ப்பக்கம் கீழ்ப்பாதிக்கு மிகுதி. சாய்வின் திசையை மாற்றாமல் நடப்பது சுலபமல்ல. எங்களில் ஒருத்தி நடக்க நடக்க ஊசியையும் திருப்பிவிட, பூமியில் பருவமே மாறாமல் போய்விட்டது.

அடுத்து நிலா. ஒரு மாதம் முழுவதும் நிலாவைப் பார்த்து நோட்டில் வரைந்து வரச் சொன்னோம். பௌர்ணமி முடிந்து நாலைந்து நாள் ஆனதும் பாதிப் பேர், "நிலா வரவே இல்லை" என்று வெற்றுக் கட்டங்களைக் காட்டினர். எட்டு மணிக்கு வாசலில் நின்று பார்த்துவிட்டு அவர்கள் தூங்கப் போய்விட்டார்கள். நிலாவோ நாளுக்கு நாள் சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதமாக உதிக்கிறது. ஒரே ஒரு சிறுமியின் நோட்டில் மட்டும் தேய்பிறையும் ஒழுங்காக வரையப்பட்டிருந்தது. எப்படி என்று கேட்டோம். அவளுடைய அப்பா சிப்காட்டில் இரவு ஷிப்டு. விடியற்காலை வேலை முடிந்து திரும்பும்போது நிலா எங்கே, எந்த உருவத்தில் நிற்கிறது என்று பார்த்து வந்து மகளிடம் சொல்லியிருக்கிறார். "நிலாவுக்கும் ஷிப்டு மாறுது அக்கா" என்றாள் அவள். பௌர்ணமி நிலாவுக்கு இரவு முழுவதும் வேலை. தேய்பிறைப் பாதி நிலாவுக்கு நள்ளிரவிலிருந்து நண்பகல் வரை. இருபத்தொன்பதரை நாளில் ஒரு சுற்று முடிந்து மீண்டும் அதே ஷிப்டு. இதைவிடத் தெளிவாக நாங்கள் சொல்லியிருக்க மாட்டோம். அந்தத் தந்தைக்கு இப்பக்கத்தின் வாயிலாக எங்கள் நன்றி.

நிலாவைப் பற்றிப் பேசும்போது சந்திரயானைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதைக் குழந்தைகளே சொன்னார்கள். அவர்கள் அறியாதது ஒன்று உண்டு. நிலவில் இறங்கும் கலத்தையும் ஊர்தியையும் பூமியிலேயே சோதித்துப் பார்க்க நிலவின் மண்ணைப் போன்ற மண் வேண்டும். அது நம் பக்கத்து நாமக்கல் மாவட்டத்தில், சித்தம்பூண்டி வட்டாரத்தில் கிடைத்தது. அங்குள்ள அனார்த்தசைட் என்னும் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடியாக்கிப் பரப்பித்தான் சோதனை செய்தார்கள். அன்றிலிருந்து வகுப்பில் கல் பொறுக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. நம் ஊர்ப் பாறைகளும் இளைத்தவை அல்ல. இவ்வட்டாரத்தின் பாறைகளில் பல சுமார் 250 கோடி ஆண்டு வயதானவை.

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். சூரியன் நம் உச்சிக்கு நேராக வருவது ஆண்டில் இரண்டே நாட்கள். ஓசூருக்கு அவை ஏறத்தாழ ஏப்ரல் 24, ஆகஸ்டு 19. ஒரு நாள் முன்பின் ஆகலாம். அன்று உச்சிவேளையில், நேராக நிறுத்திய குச்சிக்கு நிழலே இராது. கடக ரேகைக்கு வடக்கே உள்ள டில்லிவாசிகளுக்கு இந்தக் காட்சி எந்நாளும் கிடையாது. உச்சிவேளை என்பதும் பன்னிரண்டு மணி அன்று. இந்தியா முழுவதற்கும் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது; ஓசூரோ அதற்கு மேற்கே 77.8 பாகையில் இருக்கிறது. ஆகவே சூரியன் நம்மிடம் வந்து சேரப் பத்தொன்பது நிமிடம் போலத் தாமதம். ஆகஸ்டு நடுவில் வேறொரு காரணத்தால் இன்னும் நான்கு நிமிடம் கூடுகிறது. ஆக, 12 மணி 22 நிமிடத்தை ஒட்டி. 1980-களிலிருந்து கைக்கடிகாரம் செய்து ஊருக்கெல்லாம் அனுப்பும் ஓசூரிலேயே கடிகாரமும் சூரியனும் ஒத்துப்போவதில்லை என்பது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

ஆகஸ்டு 19 அன்று மைதானத்தில் அரை மீட்டர் குச்சியை நட்டோம். அது செங்குத்தாக நிற்கிறதா என்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம். சூரியனை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது, நிழலை மட்டுமே பார்க்க வேண்டும் என்று பலமுறை எச்சரித்தோம். அந்த எச்சரிக்கைக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. 12 மணிக்கு வானம் மூடிக்கொண்டது. 12.22-க்குத் தூறல். நாற்பது குழந்தைகள் வட்டமாக நின்று நிழலும் இல்லாத வெயிலும் இல்லாத ஒரு குச்சியை வெறித்துக்கொண்டிருந்தார்கள். "நிழல் இல்லையே அக்கா, சரியாத்தானே இருக்கு" என்று ஒருத்தி எங்களைத் தேற்றினாள்! 12.40-க்கு மேகம் விலகியபோது குச்சிக்குக் கிழக்கே நான்கு சென்டிமீட்டர் நிழல் விழுந்திருந்தது. சூரியன் எங்கள் உச்சியைக் கடந்து போயே போய்விட்டது.

நல்லவேளையாக, இன்னோர் ஏற்பாடும் செய்திருந்தோம். எங்களில் ஒருத்தியின் அத்தை நாகர்கோவிலில் தையற்கடை வைத்திருக்கிறார். நாகர்கோவில் கிட்டத்தட்ட நமக்கு நேர் தெற்கே இருக்கிறது. துணி அளக்கும் இரும்பு மீட்டர் கோலைக் கடை வாசலில் செங்குத்தாக நிறுத்தி, 12.24-க்கு நிழலை அளக்கும்படி அவரிடம் கேட்டிருந்தோம். அங்கே நல்ல வெயில். "எட்டு சென்டிமீட்டர், தெற்குப் பக்கமா விழுது" என்று சிஸ்டரின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது.

அந்த எட்டு சென்டிமீட்டரில் பூமியின் சுற்றளவே அடங்கியிருக்கிறது! சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் ஓசூருக்கும் நாகர்கோவிலுக்கும் இணையாகவே வருகின்றன. பூமி தட்டையாக இருந்தால் இரண்டு ஊரிலும் ஒரே நிழல் விழ வேண்டும். இங்கே நிழலே இல்லாத நாளில் அங்கே நிழல் விழுகிறதென்றால் தரை வளைந்திருக்கிறது என்று பொருள். நூறு சென்டிமீட்டர் கோலுக்கு எட்டு சென்டிமீட்டர் நிழல். எங்கள் கணக்குப் புத்தகத்து முக்கோணவியல்படி கோணம் சுமார் 4.57 பாகை. வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 505 கிலோமீட்டர். 4.57 பாகைக்கு 505 என்றால் 360 பாகைக்கு? ஏறக்குறைய 39,800 கிலோமீட்டர். உண்மை அளவு சுமார் 40,000. ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்ற அறிஞர் சையீன், அலெக்சாந்திரியா என்னும் இரு நகரங்களைக் கொண்டு செய்த கணக்கும் இதே வழிதான். அவர் தையற்கடையின் உதவியை நாடவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

நான்காம் வகுப்புக்குப் பாகைக் கணக்கு வேண்டாமென்று சாத்துக்குடியில் இரண்டு குண்டூசி குத்தி வெயிலில் காட்டினோம். ஒன்றுக்கு நிழல் இல்லாதபடி திருப்பினால் மற்றொன்றுக்கு நிழல் விழுந்தது. புரிந்துகொண்டார்கள். ஆனால் அவர்கள் மனத்தில் நின்றது அதுவன்று. "சூரியன் நிமிஷம் தவறாம வருது. மேகம் மட்டும் ஏன் சொல்லாம வருது?" என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்வியே எங்களுக்கு இரண்டாம் பருவத்துப் பாடமாயிற்று. வானத்து ஒழுங்கை நூறாண்டுக்கு முன்கூட்டியே கணக்கிடலாம். ஆனால் அதே சூரியனின் வெப்பம் பூமிக்கு வந்த பிறகு நிலம், நீர், காற்று, உயிர் ஆகிய நான்கின் கைகளிலும் மாறி மாறிப் போகிறது. கோடையில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி எழும்ப, கடலிலிருந்து ஈரக்காற்று அந்த இடத்தை நிரப்ப ஓடி வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிப் பெரும்பகுதி மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச மேகம் கர்நாடக மேட்டுநிலத்தைத் தாண்டி ஓசூர் வரை வருகிறது. எங்கள் குச்சியின் மேல் தூறியது அரபிக்கடல் பக்கத்திலிருந்து வந்த தென்மேற்குப் பருவக்காற்றின் கடைசித் துளிகள்.

இங்கே ஒரு சிறிய செய்தி. எங்கள் பள்ளியில் வீட்டில் தெலுங்கு பேசுவோரும் கன்னடம் பேசுவோரும் நிறைய உண்டு. மழைக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் என்று கேட்டோம். கன்னடப் பிள்ளைகள் "மளெ" என்றனர். அது நம் மழையேதான். தெலுங்குப் பிள்ளைகள் "வான" என்றனர். தமிழில் வான் என்றால் ஆகாயம் அல்லவா என்று சிலர் சிரித்தார்கள். தமிழிலும் அச்சொல்லுக்கு மழை என்ற பொருள் உண்டு. திருக்குறளில் 'வான்சிறப்பு' என்னும் அதிகாரம் மழையைப் பற்றியதே. ஆகாயத்தையும் தண்ணீரையும் தனித்தனிப் பாடமாகப் பிரித்தது நம் புத்தகந்தான், நம் மொழிகள் அல்ல என்று தமிழாசிரியை சொன்னது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பாறைக்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம், உயிர்க்கோளம் என்ற நான்கு பெயர்களையும் கரும்பலகையில் எழுதிப் போட்டால் குழந்தைகள் கொட்டாவி விடுகிறார்கள். ஊத்தங்கரை மழையைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. வலுவிழந்து உள்நாட்டுக்குள் வந்த பிறகு, டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியில் 500 லிட்டர்! அதாவது முப்பது குடத்துக்கும் மேல். ஏரி நிரம்பி வழிந்து, நிறுத்தி வைத்திருந்த வண்டிகளையே இழுத்துச் சென்றது. அந்த வெள்ளம் தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணையையும் நிரப்பி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் வயல்களில் புகுந்து கடலூர் அருகே மறுபடியும் கடலுக்குள் போயிற்று. வங்கக்கடலிலிருந்து வந்த நீர், கரையேறிய இடத்துக்குச் சற்றுத் தள்ளியே கடலுக்குத் திரும்பிவிட்டது. நடுவில் எத்தனை பேர் வீட்டைத் தொட்டது! அதில் கடல், காற்று, மண், பயிர், மனிதர் எல்லாரும் இருந்தார்கள். வகுப்பில் நான்கு குழுவாகப் பிரிந்து நூற்கண்டைக் கைமாற்றி இதை விளையாடினோம். நூல் சிக்கிக்கொண்டு கத்தரிக்க வேண்டியதாயிற்று.

தென்பெண்ணையைப் பற்றிப் பேசிய அன்றுதான், அதுவரை வாயே திறக்காத ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "எங்க தாத்தா வயலுக்கு வர்ற வாய்க்கால்ல நுரை வருது அக்கா. அது யார் தப்பு?"

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவள் தாத்தாவின் நிலம் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே இருக்கிறது. அங்கே மதகைத் திறக்கும்போது ஆறு வெள்ளை வெளேரென்று நுரைத்து ஓடுவதை ஓசூரில் இருப்பவர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்தே வருகிறோம். புதிதாக வருபவர்கள் பனி என்று எண்ணிப் படம் எடுப்பதும் உண்டு.

நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்ற பெயரோடு பெங்களூருக்குக் கிழக்கே இந்த ஆறு வருகிறது. பெங்களூரின் கழிவுநீர் பெருமளவில் சேரும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரி நீரும் இதில்தான் கலக்கிறது. வீட்டுச் சலவைத்தூள், ஆலைக் கழிவு எல்லாம் அதில் உண்டு. பிறகு ஓசூர் வருகிறது. இங்கும் சாக்கடைகள் இருக்கின்றன என்பதை மறைக்கக் கூடாது.

மறுவாரம் மூன்று கண்ணாடிப் புட்டிகளை எடுத்துப் போனோம். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் ஒரு சிட்டிகை சலவைத்தூள் கலந்தது, மற்றொன்றில் பாத்திரம் கழுவிய நீர். அசையாமல் வைத்திருந்தபோது மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. குலுக்கியபோது பின்னவை இரண்டும் பொங்கின. சலவைத்தூளின் மூலக்கூறுக்கு ஒரு முனை நீரை நாடும், மறு முனை நீரை விட்டு விலகும். ஆதலால் அது நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டு குமிழியை உடையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. காற்றோடு மோதினால்தான் குமிழி உண்டாகும். அணைக்குள் அமைதியாகக் கிடக்கும் நீர் மதகிலிருந்து விழும்போது மட்டும் நுரைப்பது இதனால்தான். நுரை தெரியாத நாளில் நீர் சுத்தம் என்று ஆகிவிடாது. அது குலுக்காத புட்டி! இதைச் சொன்னதும் அந்தச் சிறுமி, "அப்போ நுரை இல்லாத அன்னிக்கும் இருக்கா?" என்றாள். ஆம் என்றோம். சொல்லும்போது எங்களுக்கு மனம் சங்கடப்பட்டது.

பிறகு ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டுச் சமையலறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்து வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். வீட்டுக்குப் பின்னுள்ள கால்வாய் வரை பலரும், தெருமுனை வரை சிலரும் கண்டுபிடித்தார்கள். ஏரி வரை தொடர்ந்து போனவர்கள் மூன்றே பேர். அத்திப்பள்ளியிலிருந்து எல்லை தாண்டி வரும் ஒரு பிள்ளை, "எங்க வீட்டுத் தண்ணி இவ தாத்தா வயலுக்கு வருமா?" என்று கேட்டுவிட்டுத் தோழியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். யார் தப்பு என்ற கேள்விக்கு நாங்கள் இன்னும் பதில் எழுதவில்லை. அந்த மூன்று பேரின் நோட்டுகளையும் சேர்த்து ஒரு பெரிய வரைபடமாக ஆக்கியிருக்கிறோம். கண்காட்சி நாளன்று பெற்றோர்கள் அதைப் பார்க்கலாம்; தத்தம் வீட்டிலிருந்து ஒரு கோடு அதில் சேர்க்கவும் செய்யலாம்.

நாகர்கோவில் அத்தையை மறந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். "உங்க ஊருக்கு நிழல் இல்லாத நாள்னா எங்க ஊருக்கு எப்போ?" என்று அவர் கேட்டிருந்தார். தெற்கே போகும் சூரியன் அவர் ஊர் உச்சிக்கு வருவது செப்டம்பர் 1-ஐ ஒட்டி, 12 மணி 20 நிமிடத்துக்கு. அன்று தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவரும் கடைக்கு வந்தவர்களும் வாசலில் கோலைச் சுற்றி நின்றார்களாம். சிஸ்டரின் கைப்பேசியை மேசைமேல் வைத்து நான்காம் வகுப்பு முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. "குறையுது... குறையுது..." என்றது அத்தையின் குரல். பிறகு சற்று நேரம் பேச்சே இல்லை. "கோலுக்கு அடியிலே போயிடுச்சு பிள்ளைகளா!"

நமக்கு அடுத்த முறை ஏப்ரல் 24. அன்று உச்சிவேளை 12 மணி 17 நிமிடம். ஏப்ரலில் மேகத்துக்கு வேலை குறைவு. குச்சி கிடைக்காதவர்கள் மாடியில் ஓர் எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாலும் போதும்.

— பத்தாம் வகுப்பு மாணவியர், அறிவியல் மன்றம்